அத்தை அறைக்கு எந்த ஜன்னல்?

அத்தியாயம் 17

மருமகளின் வேலைக்கு உலை வைத்தது யார் என்பது போன வாரமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் சில வாரங்கள் கோட்டை விட்டவர்களுக்காக நாலு வரியில் திரும்பச் சொல்லிவிடுகிறேன்.

வாடகை வீட்டின் தெரு ஜன்னல் ஓரத்தில்தான் மாமியாரின் நாற்காலி. காலையில் உட்கார்ந்தால் விளக்கு ஏற்றும் நேரம் வரை அங்கேதான். யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் வீட்டுக்கு எந்த வண்டி வந்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பவருக்குத் தகுந்தபடி லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவதில் கைகாரி. அதனால் மாமியார் அவளுக்கு வைத்த பெயர் 'கண்ணாடிக்காரி'.

மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது தூரப் பார்வைக் கண்ணாடியை மருமகளே தேய்த்து, மூக்கில் அழுந்தாதபடி வளைத்து, தன் கையாலேயே போட்டுவிட்டாள். அந்தக் கண்ணாடி வழியாக மாமியார் பளிச்சென்று பார்த்த முதல் காட்சி, கடையில் கூட வேலை செய்கிறவனின் ஸ்கூட்டரிலிருந்து மருமகள் இறங்கியதுதான். அன்று கொட்டுகிற மழை. பஸ் ஒன்றுகூட வரவில்லை. மகனிடம் சொல்லும்போது மழையையும் பஸ்ஸையும் மாமியார் வசதியாக மறந்துவிட்டாள். மறுநாளிலிருந்து மருமகள் கடைக்குப் போகவில்லை.

பிறகு மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்தன. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது எல்லாம் அதே கண்ணாடிக்காரியின் தலையில் வந்து விடிந்தது.

இப்போது புது வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. குடி போனதும் வேலைக்குத் திரும்ப வரலாம் என்று கடை முதலாளியம்மா சொல்லியிருக்கிறாள். கணவனும் ஆச்சரியமாகச் சரி என்றுவிட்டான். "பகல்ல வந்து பாத்துக்க ஒரு பொம்பளைய வெச்சுக்கலாம். அம்மாவுக்கு என்ன, தெருவைப் பாத்துக்கிட்டு உக்காந்தா பொழுது போயிடும்," என்றான். மருமகள் அந்தப் பேச்சின் முன்பாதியை மட்டும்தான் கேட்டாள்.

இனி, இன்றைய கதைக்கு வருவோம்.

ஜன்னல் கடை நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் ஜன்னல்கள். எந்த ஜன்னலைத் திறந்தாலும் அடுத்த ஜன்னல்தான் தெரியும். ஜன்னல்காரர் வாயாடி. மருமகளோடு கணவன் உள்ளே நுழைந்த உடனே அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"சார், நம்ம ஜனங்க தப்பு பண்றதே இங்கதான். கதவுக்கு ஆயிரம் தடவை யோசிப்பாங்க. ஜன்னல்னு வந்தா, ஏதோ ஒண்ணு போடுங்கம்பாங்க. அப்புறம் ஆயுசு பூரா வேர்த்து வழிவாங்க."

"அதான் நேர்ல வந்துட்டோமே," என்றான் கணவன் பெருமையாக. அவன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். எதையும் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, ஐந்தாவதாகச் சொன்னவர் பேச்சைக் கேட்கிற ரகம்.

ஜன்னல்காரர் ஒன்றை நகர்த்திக் காட்டினார். "இது ஸ்லைடிங். இடத்தை அடைக்காது. ஆனா எப்பத் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கீழ தண்டவாளம் இருக்கு பாருங்க, அதுல சேர்ற தூசியை வாரா வாரம் எடுக்கலைன்னா மக்கர் பண்ணும்."

இன்னொன்றைக் கதவு மாதிரி விரியத் திறந்தார். "இது முழுசாத் திறக்கும். காத்து பிச்சுக்கிட்டு வரும். வெளிய திறக்கிற மாதிரி போட்டா உள்ள கொசுவலை போட்டுக்கலாம். நடமாட்டம் உள்ள சந்துப் பக்கம் மட்டும் வேண்டாம். போறவன் மண்டையில இடிக்கும்."

"மரம் போட்டா?"

"மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்கிற பொறுமை இருந்தா தாராளமாப் போடுங்க."

"அது நம்மால ஆகாது," என்று கணவன் உடனே கைகழுவினான்.

சமையலறைக்கு ஸ்லைடிங். அவர்கள் படுக்கையறைக்கு வெளியே திறக்கிற ஜன்னல். குளியலறைக்கு மேலே கீல் வைத்துத் தள்ளித் திறக்கிறது, மழை பெய்தாலும் சாரல் அடிக்காது. எல்லாம் மளமளவென்று முடிந்தது. மருமகள் ஒவ்வொன்றையும் கொக்கி போட்டுப் பார்த்தாள், ரப்பர் விளிம்பை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். அவளுக்கு மனது லேசாக இருந்தது. புது வீடு, பழைய வேலை. இரண்டும் கையெட்டும் தூரத்தில் இருந்தன.

"கடைசியா அம்மா ரூம்," என்றான் கணவன். "முன்பக்கம், தெருவைப் பாத்தது. இருக்கறதுலயே பெரிசா, ரெண்டு பக்கமும் திறக்கிற மாதிரி போட்டுடுங்க. அவங்க உலகமே அதுதான்."

அவங்க உலகமே அதுதான். அந்த வார்த்தை மருமகளுக்குச் சுருக்கென்றது. என் உலகத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டவளுக்கு இருப்பதிலேயே பெரிய ஜன்னலா? மழையில் நனைந்த தலையோடு வீட்டுக்குள் வந்தபோது மாமியார் உட்கார்ந்திருந்த தோரணை அவளுக்கு நினைவு வந்தது. அவள் அந்தக் கிழவியை வெறுத்தாள். ஊட்டும்போதும் வெறுத்தாள், வாய் துடைக்கும்போதும் வெறுத்தாள். அதை இதுவரை எங்கேயும் இறக்கி வைக்க அவளுக்கு இடம் கிடைத்ததில்லை.

கொட்டகையின் கோடியில் ஒரு கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளையாக, பனி படிந்தது போல. கண்ணாடியோடு பழகிய கை அது, தொட்டதுமே தெரிந்துகொண்டாள்.

"இது என்ன ஜன்னல்?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

"அதுவா? மங்கல் கண்ணாடி, திறக்காத ஜன்னல். ஃபிக்ஸ்டும்பாங்க. வெளிச்சம் வரும். ஆனா ஒண்ணும் தெரியாது. மாடிப்படிக்கு, பூஜை அறைக்குப் போடுவாங்க. மேல ஒரு சின்ன காத்துப் பலகை விட்டுட்டா புழுங்காது."

"அத்தை ரூமுக்கு இதைப் போடுங்க," என்றாள் மருமகள்.

கணவன் திரும்பினான். "என்ன விளையாடறியா?"

"டாக்டர் சொன்னாருங்க." நாக்கு அதுவாகவே புரண்டது. "போன தடவை காட்டப் போனோம்ல, அப்ப. நேர் காத்து படக்கூடாதாம். தெருப் புழுதி நெஞ்சுல இறங்கினா ஆபத்தாம். அத்தைக்கு இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னாரு."

டாக்டர் சொன்னது இதற்கு நேர் எதிர். நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்துப் படுக்க வையுங்கள், நாலு மனிதர்களைப் பார்த்தால்தான் தெம்பு வரும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அப்போது மாமியார் சக்கர நாற்காலியில் கண்ணை மூடித் தலை சாய்த்துக் கிடந்தாள். மருந்துத் தூக்கம். கணவன் வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். ஆக, அந்த வார்த்தைகளைக் கேட்ட ஆள் தான் ஒருத்திதான் என்பது மருமகளின் கணக்கு.

"இதை ஏன் நீ அன்னைக்கே சொல்லலை?" கணவனின் முகம் செத்துவிட்டது.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்."

அவன் அந்த வெள்ளைக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான். "அம்மா உயிரை விட ஜன்னலா பெரிசு? ஆனா நான் எப்படி அவங்ககிட்டச் சொல்றது?"

"நான் பக்கத்துல இருக்கேன்ல," என்றாள் மருமகள். அந்த முகத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

ஜன்னல்காரர் அளவெடுக்கிற நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டார். "சாயங்காலம் கட்டடத்துக்கு வந்து நேர்ல அளந்துக்கறேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். இந்தக் கண்ணாடியை முதல்ல வெட்டி, அப்புறம் சூளையில வெச்சுப் பதப்படுத்துவோம். அதுக்கப்புறம் ஒரு நூல் அளவு மாத்தணும்னாலும் முடியாது. கை வெச்சா கல்கண்டு மாதிரி கொட்டிடும். ராத்திரியே சூளைக்குப் போகுது. அதனால அங்க நான் கேக்கும்போது ஒரே வார்த்தையா முடிவைச் சொல்லிடணும்."

சாயங்காலம் மாமியாரைச் சக்கர நாற்காலியோடு கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மாவும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று கணவன் பிடிவாதம் பிடித்தான். குற்றம் செய்தவன் மாதிரி வழியெல்லாம் அவளிடம் குழைந்தான்.

முன் அறைக்கு இன்னும் பூச்சு ஆகவில்லை. தரையெல்லாம் மணல். தெருப்பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பெரிய ஓட்டை, ஜன்னலுக்காக விட்டது. கணவன் நாற்காலியை நேராக அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்.

மாமியாரின் முகம் விழித்துக்கொண்டது. கோணிப்போன வாய் கூடக் கொஞ்சம் நேரானது போல இருந்தது.

"எதிர்ல என்னடா கடை?"

"அச்சுக்கூடம்மா."

"நல்லாத்தான் இருக்கு." அவள் பேச்சு இழுத்து இழுத்து வந்தாலும் தெளிவாகத்தான் வந்தது. "அந்த மாடி வீட்டுக்காரி புருஷன்கூடப் பேசறதில்ல."

"வந்து அஞ்சு நிமிஷம் ஆகலை. உனக்கு எப்படித் தெரியும்?"

"பாரு. அவன் துணியை ஒரு கொடியில, தன் துணியைத் தனிக் கொடியில போட்டிருக்கா. நடுவுல அவ்வளவு இடம் கிடக்கு. ஒண்ணுமேல ஒண்ணு படக்கூடாதாம்." சொல்லிவிட்டு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

கணவனும் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியிலேயே அடங்கியது. அவன் மருமகளைப் பார்த்தான். சொல்லுங்கள் என்பதுபோல் அவள் கண்ணைக் காட்டினாள்.

அவன் நாற்காலி பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டான். "அம்மா... இங்க திறக்கிற ஜன்னல் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். வெள்ளைக் கண்ணாடி வெச்சு அடைச்சுடறது. வெளிச்சம் வரும்மா. மேல காத்துக்கும் வழி இருக்கு."

"தெரு தெரியுமா?"

"தெரியாதும்மா."

மாமியாரின் முகத்தில் ஈ ஆடவில்லை. மருமகள் சுவரில் சாய்ந்து நின்று அதை அணு அணுவாகப் பார்த்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள். இத்தனை மாதத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே இனிப்பு இதுதான். அது அவளுக்குக் கசக்கவும் இல்லை.

"டாக்டர் சொல்லிட்டாரும்மா. நேர் காத்து உனக்கு ஆகாதாம்."

"டாக்டரா?" மாமியார் தலையை மெல்லத் திருப்பினாள். "உங்கிட்டச் சொன்னாரா?"

"இவகிட்டச் சொன்னாரு."

மாமியாரின் கண்கள் மருமகள் மேல் வந்து உட்கார்ந்தன. அவசரமே இல்லாமல் பார்த்தாள். மருமகள் பிடி கொடுக்காமல் நின்றாள்.

"அப்பச் சரி," என்றாள் மாமியார். "டாக்டர் பேச்சைத் தட்டக்கூடாது. நல்ல வேளை, எம் மருமக கவனமாக் கேட்டுட்டு வந்தா."

கணவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மருமகளுக்குத்தான் ஏதோ இடித்தது. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்திருந்தாள். இது அந்த வாய் இல்லையே.

"ஒண்ணே ஒண்ணுதாண்டா," என்றாள் மாமியார். "தெரு தெரிஞ்சா எனக்கு யாரும் வேண்டாம். பாத்துக்கிட்டே கிடப்பேன். நாலு பக்கமும் சுவரா ஆயிடுச்சுன்னா, எனக்கு ஒரு முகம் வேணும்ல? எவளோ ஒருத்தி வந்து காலை நீட்டிக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அவகிட்ட நான் என்ன பேச? எம் மருமக பக்கத்துல இருக்கட்டும். ராத்திரியும் எங்கூடவே படுத்துக்கட்டும். பயமா இருக்குடா எனக்கு."

கடைசி வாக்கியத்துக்குக் குரல் உடைந்தது. நடிப்பா, நிஜமா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"அவ்வளவுதானேம்மா?" கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "கடையெல்லாம் இப்ப என்ன அவசரம். அப்புறம் பாத்துக்கலாம். அவ உன்னை விட்டுட்டு எங்க போகப்போறா?"

மருமகள் 'அப்புறம்' என்ற சொல்லிலேயே நின்றாள். அப்புறம் என்றால் எப்போது? கிழவிக்குக் கையும் காலும்தான் விழுந்திருக்கின்றன. மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறாள். இன்னும் பத்து வருடம் இருப்பாள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் பத்து வருடம், இரவும் பகலும், இந்த முகத்துக்கு எதிரே.

அந்த நேரம் பார்த்து ஜன்னல்காரர் உள்ளே வந்தார். நாடாவை இழுத்துக் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை பிடித்தார். சுவரில் பென்சிலால் கிறுக்கிக்கொண்டார்.

"சரி சார். இந்த ஒண்ணுதான் பாக்கி. திறக்கிறதா, மங்கல் கண்ணாடியா? வண்டி வாசல்ல நிக்குது. நான் போய் இறங்கினதும் வெட்டிடுவாங்க."

"இவளையே கேளுங்க," என்றான் கணவன். "டாக்டர்கிட்டப் பேசினது இவதான்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

திறக்கிற ஜன்னலே போடுங்கள். மூன்று வார்த்தை. சொல்லிவிட்டால் கடை இருக்கிறது, லென்ஸ் தேய்க்கிற சக்கரத்தின் சத்தம் இருக்கிறது, காலையில் தலை வாரிக்கொண்டு வெளியே கிளம்புவது இருக்கிறது. ஆனால் அதற்கு, டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, நான் பொய் சொன்னேன் என்று இந்த மணலில் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். கணவன் தலையில் அடித்துக்கொள்வான். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கிழவி ஜெயித்த முகத்தோடு அந்த ஓட்டை முன்னால் உட்கார்ந்து, மாடி வீட்டுக் கொடியை எண்ணிச் சிரிப்பாள். அதை அவளால் தாங்க முடியாது.

"மங்கல் கண்ணாடியே இருக்கட்டும்," என்றாள் மருமகள். "வெட்டுங்க."

ஜன்னல்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்கு வழி காட்டுவதற்காகக் கணவனும் போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்கு இறங்கினான். அறையில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். தெருவில் வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"நல்ல காத்து வர்ற இடமாப் பாத்துப் படுக்க வைங்க," என்றாள் மாமியார்.

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நாலு மனுஷங்களைப் பாத்தாத்தான் தெம்பு வரும். இதானேடி டாக்டர் சொன்னாரு? கண்ணை மூடினா காதும் மூடிக்குமா?"

மருமகள் நாற்காலிக்கு ஓரடி கிட்டே வந்தாள். "தெரிஞ்சுதான்... அப்ப ஏன் அவர்கிட்டச் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எனக்கு ஜன்னல் கிடைச்சிருக்கும். நீ கடைக்குப் போயிருப்ப."

"அதுக்காக உங்க கண்ணையே அடைச்சுக்கிட்டீங்களா?"

மாமியார் சிரித்தாள். வலது பக்கம் மட்டும்தான் சிரித்தது.

"அந்த ஜன்னல் வழியா இத்தனை வருஷமா நான் என்ன பாத்தேன்னு நெனச்ச? தெருவையா? தெருவுல என்னடி இருக்கு? நீ எப்ப போற, எப்ப வர்றேன்னுதான் பாத்தேன். நீ உள்ளயே இருந்தா எனக்கு ஜன்னல் எதுக்கு?"

மருமகளுக்கு அழுகை வரவில்லை. நாற்காலியை அப்படியே திருப்பி, கிழவியின் முகத்தைச் செங்கல் சுவருக்கு நேராக வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது. வைத்தால் மட்டும் என்ன? இனிமேல் அவள் பார்க்கப்போவது சுவரை இல்லையே.

கணவன் படியேறி வந்தான். போனைக் கையால் மூடிக்கொண்டு, "உங்க முதலாளியம்மா. நீ வரலைன்னு நானே சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க. உன் வாயால கேக்கணுமாம். சட்டுனு சொல்லிட்டு வை, இருட்டறதுக்குள்ள அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்," என்றான்.

மருமகள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்றாள் முதலாளியம்மா. "உன் புருஷன் என்னமோ சொல்றாரு. அதெல்லாம் எனக்கு வேண்டாம். நீ சொல்லு. வர்றியா, இல்லையா?"

கணவன் அம்மாவைக் கிளப்புவதற்காக நாற்காலியை உள்பக்கம் திருப்பிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு போனுக்காகக் காத்து நின்றான். மாமியார் நாற்காலியில் சாய்ந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி, மருமகள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.